மேனேஜருக்கும் செக்கிங் உண்டு

கதவு திறந்திருந்தால் உள்ளே போகிறவர்களைத்தான் நான் வாழ்க்கை முழுவதும் பார்த்திருக்கிறேன். கதவு திறந்திருந்தால் நிற்கிறவர் என்று இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் செக்கிங் அண்ணன்.

ஓசூர் பக்கம் ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். ஒரு காலத்தில் முட்டைக்கோஸ் போட்ட நிலமாம். கம்பெனிகள் வந்ததும் ஓனர் முட்டைக்கோஸை விட்டுவிட்டு வரிசையாக வீடு போட்டார். ஒரே நீள நடை, நடையைப் பார்த்தபடி வரிசையாகக் கதவுகள். கடைசி வீட்டில் தனி ஆளாக இருந்தார் செக்கிங் அண்ணன். பக்கத்தில் ஒரு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, விலாவில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டி, "ம், போ" என்று அனுப்புகிற வேலை. பல வருஷமாக அதையே செய்து, அந்த வேலை அவர் உடம்பில் ஏறிவிட்டது. சந்தையில் பூசணிக்காய் வாங்கினால்கூட இரண்டு பக்கமும் தட்டிவிட்டுத்தான் பையில் போடுவார். டூட்டி முடிந்து வந்து தன் வீட்டுப் பூட்டைத் திறக்கும் முன் தன் சட்டைப் பையைத் தானே தட்டிப் பார்த்துக்கொள்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாசல் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். சொல்லாமல் எந்த வாசலையும் தாண்ட மாட்டார். ஓசூர் பஸ் வந்து நின்றால் படிக்குக் கீழே நின்று கண்டக்டர் முகத்தைப் பார்ப்பார். கண்டக்டர் "ஏறு" என்று சொல்ல வேண்டும். எந்தக் கண்டக்டர் அப்படிச் சொல்கிறார்? பாதி நாள் பஸ் போய்விடும், இவர் நடந்து போவார்.

அவர் தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர். ராகிக் கொல்லையை யானை அழித்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாராம். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா அதை விடவே மாட்டாள். அவள் வீட்டுக்காரர் பழைய பேரல் வியாபாரம், அவளுக்கு வாய்தான் வியாபாரம்.

"ஏண்ணா, அந்த யானைய கைய தூக்கச் சொல்லி செக் பண்ணியிருந்தா ராகி தப்பிச்சிருக்குமே?"

அண்ணன் கொஞ்ச நேரம் யோசிப்பார். "அதுக்குக் கை எதும்மா" என்பார், நிஜமான வருத்தத்தோடு.

ஒரு நாள் டூட்டி முடிந்து வரும்போது அவர் பின்னாலேயே ஒரு நாய் வந்தது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். கம்பெனி கேட்டில் யாரையும் கேட்காமல் உள்ளே போய், யாரையும் கேட்காமல் வெளியே வந்துகொண்டிருந்ததாம்.

"எங்க கம்பெனில செக்கிங் இல்லாம போயி வர்றவரு மேனேஜர் ஒருத்தருதான்" என்றார் அண்ணன். அதனால் நாய்க்கும் மேனேஜர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

மேனேஜருக்குக் கெட்ட குணம் எதுவும் கிடையாது. கடிக்காது, யாரையும் பார்த்துக் குரைக்காது. திறந்த கதவைக் கண்டால் உள்ளே பாய்ந்துவிடும், அவ்வளவுதான். லைன் வீட்டில் ஜன்னல் பேருக்குத்தான் இருக்கும், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் எல்லோரும் பகல் முழுக்கக் கதவைத் திறந்துதான் வைப்போம். ஆகவே மேனேஜர் தினமும் எல்லா வீட்டுக்கும் ரவுண்ட்ஸ் வந்தது. ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் பால். நான் வாசல் ஓரமாக மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். தைத்து மடித்து வைத்த கல்யாண ஜாக்கெட்டின் மேல் ஒரு மத்தியானம் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியது. எழுப்பக்கூட எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு அப்படித்தான். ஓனர் எதிரில் வந்தால்கூட தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

"மேனேஜரு எங்க வீட்டு ரசத்த டெஸ்ட் பண்ணிட்டுப் போயிட்டாரு" என்று பாத்திமா அக்கா நடையில் நின்று கத்துவாள். "உப்பு கம்மியாம், மூஞ்ச திருப்பிக்கினு போறாரு!"

இதெல்லாம் சிரிப்போடு போனது. ஒரு காலை அதே காம்பவுண்டில் இருந்த ஓனர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேனேஜர் நேராகப் பூஜை அறைக்குள் பாய்ந்து, படைத்து வைத்த பொங்கலில் வாயை வைத்தது. ஓனரம்மா போட்ட சத்தத்தில் அதே வேகத்தில் வெளியே பாய்ந்து, திறந்திருந்த காம்பவுண்ட் கேட்டைத் தாண்டி சர்வீஸ் ரோட்டுக்கே போய்விட்டது. ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. லாரிக்காரர் கன்னடத்தில் திட்டினார், ஓனர் தெலுங்கில் திட்டினார், அண்ணன் தமிழில் மன்னிப்புக் கேட்டார்.

ஓனர் அன்றே நடையில் வைத்துச் சொல்லிவிட்டார். "ஏமய்யா, முன்னாடி கட்டுற புது வீட்டுக்கு இந்த ஆவணில கிரகப்பிரவேசம். அதுவரைக்கும்தான் டைம். அதுக்கப்புறமும் இந்த நாயி சொல்லாம ஒரு கதவுல நுழைஞ்சுதுன்னா, நாய எங்கியாவது உட்டுட்டு வந்துரு. நீ இரு, உன்ன வேணாங்கல."

"அது போனா நானும் போயிருவேன் சார்."

"எங்க போவ? நாயோட வந்தா எவன் வீடு குடுப்பான்?"

அண்ணனுக்கும் அது தெரியும். ஓசூர் முழுக்கத் தேடினாலும் தனி ஆளுக்கே வீடு கிடைப்பது கஷ்டம். தனி ஆளும் ஒரு நாயும் என்றால் கேட்கவே வேண்டாம். அன்று சாயங்காலம் அவர் என் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். வழக்கம்போல நான் சொல்லும்வரை நின்றார்.

"தங்கச்சி, இந்த லைன்லயே ரொம்ப நேரம் தொறந்திருக்கறது உன் கதவுதான். அத கொஞ்சம் பழக்கத்துக்குக் குடு."

கதவை எப்படிக் கொடுப்பது என்று புரியாமலே தலையாட்டினேன்.

மறுநாளில் இருந்து பாடம் ஆரம்பமானது. நான் உள்ளே தைத்துக்கொண்டிருப்பேன். அண்ணன் நடையில் நாயோடு நிற்பார். கதவைக் கொஞ்சம் திறப்பார். மேனேஜர் பாயும். மூடிவிடுவார். மறுபடி கொஞ்சம் திறப்பார். பாயும். மூடுவார். திட்டுவதும் இல்லை, அடிப்பதும் இல்லை. மேனேஜர் பாய்வதை நிறுத்தி உட்கார்ந்தால் மட்டும் கதவு திறக்கும். எனக்குத்தான் உள்ளே வெளிச்சம் வந்து வந்து போயிற்று. அந்தப் பருவத்தில் நான் தைத்த ஜாக்கெட்டுகளில் கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போனதற்குக் காரணம் இதுதான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வழியாக மேனேஜருக்குப் புரிந்தது. கதவு முழுசாகத் திறந்திருந்தாலும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, மடங்கின காதையும் நிமிர்த்திக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். வேறு யாராவது இருந்தால் அத்தோடு "வா" என்று கூப்பிட்டுப் பாடத்தை முடித்திருப்பார்கள். செக்கிங் அண்ணனுக்கு வாசல் தாண்ட ஒரு முறைதான் தெரியும். குனிந்து, நாயின் விலாவில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டி, "ம், போ" என்றார். மேனேஜர் போனது. தினமும் அதையே செய்தார். உள்ளே போகும்போதும் செக்கிங், வெளியே வரும்போதும் செக்கிங்.

விளைவு என்னவென்றால், செக்கிங் ஆகாமல் மேனேஜர் எந்த வாசலையும் தாண்டுவதில்லை என்று ஆகிவிட்டது. பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டாலும் வராது. உட்கார்ந்த இடத்தில் எச்சில் ஒழுகும், ஒரு கால்கூட உள்ளே வைக்காது. அண்ணன் டூட்டிக்குப் போன பிறகு யார் தட்டுவது? லைனில் ஆளாளுக்குத் தட்டத் தொடங்கினார்கள். டூட்டிக்குக் கிளம்புகிற ஆம்பிளைகள் ஷூ லேஸைக் கட்டிவிட்டு, போகிற போக்கில் நாயை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். "எங்கள கேட்ல தட்டுறாங்க இல்ல, நாங்க இதத் தட்டறோம்" என்று அதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

பாத்திமா அக்கா மட்டும், "நான் தொட மாட்டேன்பா, தொழுகைக்கு மறுபடி கழுவணும்" என்றாள். அதற்காக விட்டுவிடவும் மனசில்லை. நீளமான கரண்டியை எடுத்து வந்து, பெரிய கம்பெனிகளில் மெஷின் வைத்துப் பார்ப்பதுபோல நாயின் மேல் தொடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி, "பீப்... பீப்... போ" என்றாள். மேனேஜர் அவளை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, இதுவும் ஒரு முறைதான் போல என்று நினைத்து உள்ளே போனது.

நான் முதலில் தட்டியது ஒரு மழை நாளில். மேனேஜருக்காகப் பூட்டாமல் போன அண்ணன் வீட்டுக் கதவு காற்றில் திறந்து கிடக்கிறது. மேனேஜர் வாசலில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறது. நடையில் வேறு யாரும் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, இரண்டு பக்கமும் தட்டி, "போ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேனேஜருக்குக் கேட்டது.

கிரகப்பிரவேச நாள் வந்தது. ஓனர் புது வீட்டுக்குத் தரை முழுக்க கிருஷ்ணகிரி கிரானைட் போட்டிருந்தார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. சொந்தக்காரர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று கலந்து பேசிக்கொண்டு நிறைந்திருந்தார்கள். அண்ணனை கேட்டில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார் ஓனர். அவர் மேனேஜரைத் தன் வீட்டுக்குள் விட்டுக் கொக்கி போட்டுவிட்டுத்தான் யூனிபாரத்தோடு போனார். போகும்போது என்னிடம், "இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும் தங்கச்சி" என்றார்.

முதலில் பசுவை வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும். குந்தாரப்பள்ளிப் பக்கமிருந்து அழகான பசு ஒன்றை வண்டியில் கொண்டு வந்திருந்தார்கள். பசு வாசல்வரை வந்தது. கிரானைட்டில் தன்னைப் போலவே இன்னொரு பசு தலைகீழாக நிற்பதைப் பார்த்தது. அவ்வளவுதான், நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. முன்னால் இரண்டு பேர் இழுத்தார்கள், பின்னால் மூன்று பேர் தள்ளினார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், அவருக்கு அடுத்து பாகலூரில் ஒரு கல்யாணம்.

"வாம்மா, வா தாயி" என்று ஓனரம்மா வாழைப்பழத்தைக் காட்டிக் கெஞ்சினாள்.

அப்போதுதான் பாத்திமா அக்கா என் கையைக் கிள்ளினாள். "போச்சு. அங்க பாரு."

யாரோ ஒரு பிள்ளை கொக்கியைத் திறந்து, இரண்டு தட்டும் தட்டி அனுப்பியிருக்க வேண்டும். மேனேஜர் நடையைக் கடந்து, கேசரி வாசனையைப் பிடித்துக்கொண்டு, நேராகப் புது வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரட்டைக் கதவும் விரியத் திறந்திருந்தது. உள்ளே தரையில் தட்டுத் தட்டாகக் கேசரியும் வடையும். ஓனரும் பார்த்துவிட்டார். கையில் இருந்த துண்டை ஓங்கினார். தூரத்தில் கேட்டில் இருந்து அண்ணன் ஓடி வருவது தெரிந்தது. எப்படி ஓடினாலும் முன்னால் வர முடியாது.

மேனேஜர் வாசலுக்கு வந்தது. உட்கார்ந்தது.

அதே நேரம் பசு மிரண்டு திரும்பியது. தள்ளினவர்கள் எல்லாம் சிதறினார்கள், ஒருவர் ஆரத்தித் தட்டோடு படியில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் எழுந்து பசுவுக்கு வழிவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, காதை நிமிர்த்திக்கொண்டு ஓனர் முகத்தைப் பார்த்தது. வடைத் தட்டுக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் வாசற்படி மட்டும்தான் இருந்தது.

ஓனர் துண்டை ஓங்கியபடியே நின்றார். "என்னாய்யா இது? உள்ள வரச்சொல்லிக் கெஞ்சறோம், மாடு வரமாட்டேங்குது. இது கேக்காம வரமாட்டேங்குதா? எதுக்கு இப்டி உக்காந்திருக்குது?"

அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. நான் அந்த லைனில் குடியிருந்த அத்தனை வருஷத்தில் ஓனரிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்கு எப்படியோ வாய் திறந்தது.

"செக் பண்ணாதான் வருமுங்க."

"செக்கா?"

"ரெண்டு பக்கமும்... தட்டணுமுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஐயர், "பைரவர் வாகனம்தான், தோஷமில்லை, சீக்கிரம் ஆகட்டும்" என்றார். பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு ஓனர் குனிந்தார். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு.

"ம், போ."

மேனேஜர் எழுந்து உள்ளே போனது. பாயவில்லை, நடந்தது. புது வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, வாசலுக்கு உள்பக்கமாக மறுபடி உட்கார்ந்தது.

"வெளிய போறதுக்கும் செக்கிங்கா?" என்றார் ஓனர்.

மூச்சு வாங்க வந்து நின்ற அண்ணன், "சார், வெளிய போறப்பதான் சார் முக்கியம்" என்றார். குனிந்து இரண்டு பக்கமும் தட்டினார். முகம் மாறியது. மேனேஜரின் தாடையைப் பிடித்து மெல்லத் திறந்தார். உள்ளே ஒரு முழு வடை. அதை எடுத்து இரண்டு கையாலும் ஓனரிடம் நீட்டினார்.

"சார், மெட்டீரியல் பிடிச்சாச்சு."

ஓனர் சிரித்த சிரிப்பில் பசுகூடத் திரும்பிப் பார்த்தது. பிறகு தரையில் சாக்கை விரித்து அதையும் உள்ளே கூட்டிப் போனார்கள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் இலைக்கு முன்னால் ஓனர் வந்து நின்றார். "இருந்துக்கோய்யா. ரெண்டு பேரும் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொரியல் வைக்க வந்த என்னிடம் அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"அவரும் தொட்டுட்டாரு தங்கச்சி. கைவெச்சுத் தொட்டவங்க அதுக்கப்புறம் அடிக்கமாட்டாங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பெரிய வீடாகப் பார்த்துப் போய்விட்டோம். காற்று, வெளிச்சம், தண்ணீர், எதற்கும் குறை இல்லை. அண்ணனும் மேனேஜரும் அந்த லைனில்தான் இருக்கிறார்கள். அங்கே ஏதாவது வீடு காலியானால் சொல்லுங்கள் என்று, என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல், ஓனருக்கு நானே போன் பண்ணிச் சொல்லி வைத்திருக்கிறேன்.