நீல வாளியின் மறைவும் அம்மாவின் பெரட்டும்

புக்கிட் ரோத்தான்,
ஞாயிறு பிற்பகல், வயிறு நிறைந்த நேரம்.

அன்பும் அதிகாரமும் காரணமே இல்லாமல் தலையில் குட்டும் வழக்கமும் ஒருங்கே பெற்ற அக்கா யூஜினியா அவர்களுக்கு, தம்பி டெரல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, தங்கச்சி கெய்ட்லின், பூனை அனைவரும் நலம். தங்கள் நலமும் அறிய ஆவல் என்று எழுத வேண்டுமாம். தினமும் போனில் அரை மணி நேரம் அறிகிறோம், போதும். "தாங்கள்" என்பதும் இத்தோடு சரி, இனிமேல் நீ நீதான்.

முதலில், ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு. நம் வீட்டில் பத்தொன்பது ஆண்டுகள் தண்ணீர் சுமந்து சேவையாற்றிய நீல வாளி, சென்ற ஞாயிறு, பூசை முடிந்து வீடு திரும்பிய பத்தாவது நிமிடத்தில் இயற்கை எய்தியது. அன்னாரின் கைப்பிடி சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டது உனக்குத் தெரியும். மறைவுக்குக் காரணம் முதுமை என்றேன் நான். அறுபத்திரண்டு கிலோ என்றார் அம்மா.

இதை ஏன் வாட்சாப்பில் சொல்லாமல் தாளில் எழுதுகிறேன் என்றால், மூன்றாம் படிவத் தமிழ்ப் பாடத்துக்கு ஷாமளா டீச்சர் "உறவினருக்குக் கடிதம், நூற்றிருபது சொற்கள்" என்று கொடுத்திருக்கிறார். நான் தாராள மனசுக்காரன், எண்ணிக் கொடுத்துப் பழக்கமில்லை. அதோடு, வாட்சாப்பில் அனுப்பினால் நீ படித்துவிட்டு ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். தாளுக்கு நீ கட்டை விரல் காட்ட முடியாதே!

விஷயம் இதுதான். போன வாரச் சனிக்கிழமை நீ போனில், அடுத்த மாதக் காலேஜ் லீவுக்கு வரவில்லை, தோழிகளோடு மலாக்கா போகிறேன் என்று சொன்னாய் அல்லவா? அம்மாவும், "போய்ட்டு வாம்மா, வெயில்ல தொப்பி போட்டுக்க" என்றார் அல்லவா? நீ வராததால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஹால் சோபாவிலிருந்து உன் அறைக்கு நான் குடிபெயர்ந்துவிட்டேன். உன் கட்டில், உன் காற்றாடி, உன் ஜன்னல் எல்லாம் என் ஆட்சியின் கீழ் நலமாக உள்ளன. பாவம், அம்மாவின் நிலைமைதான் சரியில்லை. அவருக்காகத்தான் எழுதுகிறேன், எனக்காக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உன் அலமாரி உச்சியில் நீ ஒளித்து வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னை விசாரிக்கப் போனேன். நாற்காலி ஹாலில் இருந்தது. காய்ந்த துணியோடு வந்த வாளி பக்கத்திலேயே இருந்தது. கவிழ்த்தேன், ஏறினேன், டின்னைத் தொட்டேன், அப்புறம் தரையைத் தொட்டேன். சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வந்தார். கரண்டி எங்கே விழும் என்று கணக்குப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பிளந்து கிடந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"டேய், இது வெறும் வாளின்னு நெனச்சியாடா?"

"இல்லம்மா, இப்போ ரெண்டு வாளி."

இதற்கும் குட்டு விழவில்லை. அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "உங்கக்காவ மொத மொத இதுலதான் குளிப்பாட்டுனேன்" என்று ஆரம்பித்தார். அடுப்பில் சாம்பார் அதன் போக்கில் கொதித்துக்கொண்டிருந்தது. "எனக்கு இருபத்தொரு வயசு. லயத்து வீடு, கொழா வெளியதான். பச்சப் புள்ளய எப்படிப் புடிக்கணும்னே தெரியல. வழுக்கி உள்ள போயிருவாளோன்னு நான் அழுவறேன், அது கழுத்தளவு தண்ணில கெடந்துக்கிட்டு என்னப் பாத்துச் சிரிக்குது!"

பிறகு உன் பள்ளிக்கூட முதல் நாள். உன்னை வகுப்பில் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வராமல் வேலி ஓரத்திலேயே நின்றிருந்தாராம். ஓய்வு நேரத்தில் நீ வேலிக்கு வந்து, "அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க அம்மாங்கள எல்லாம் சேக்க மாட்டாங்களாம், டீச்சர் சொல்லிட்டாங்க" என்று ஆறுதல் சொன்னாயாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். சாம்பார் வாசனை மெதுவாகக் கருகல் வாசனையாக மாறிக்கொண்டிருந்தது. அதை ஞாபகப்படுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை.

நமக்குள் நடந்த ஓரவஞ்சனை எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது அக்கா. உன் பால் புட்டியை அம்மா மூன்று தடவை கொதிக்க வைப்பாராம். என்னுடையதை ஒரு தடவை. கெய்ட்லின் கீழே போட்ட பிஸ்கட்டை ஊதித் திரும்ப வாயில் வைத்துவிடுவாராம். "அப்போ எங்கமேல பாசம் இல்லையா?" என்று நியாயம் கேட்டேன்.

"உங்கள வளக்குறது ஈசிலா," என்றார் அம்மா. "என்னென்ன தப்பு செய்யணுமோ அதெல்லாம் அவகிட்டயே செஞ்சு முடிச்சிட்டேன். காச்சல்னா ஓடுவேன், தும்முனா ஓடுவேன், சும்மா சும்மா அடிப்பேன், அப்புறம் நானே அழுவேன். அவ வளரும்போது நானும் கூடவே வளந்துக்கிட்டு இருந்தேன்டா. இப்ப பாரு, போன் போட்டா, 'அம்மா, மாத்திர போட்டீங்களா? சீனிய கொறைங்க'ன்னு என்னையே மெரட்டுறா. யார் தொண்ட அது? என் தொண்ட!"

இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. பூனைதான் வந்தது.

மாலையில் அப்பா சிவப்பு வாளி ஒன்று வாங்கி வந்தார். அம்மா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "சரிலா, ஒட்டிப் பாப்போம்" என்று அப்பா லோரிக்கு வைத்திருந்த பசையை எல்லாம் பூசி, ஒரு ராத்திரி காயவைத்து, காலையில் தண்ணீர் நிரப்பி, "பாத்தியா விஜி, புதுசு மாதிரி!" என்று மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டுப் புவனேசன் அங்கிள் சரியாக அப்போதுதான் "குட் மார்னிங் காப்ரியல்" என்றார். வாளி பதில் சொல்லிவிட்டது. இடுப்புக்குக் கீழே நனைந்து நின்ற அப்பாவை அங்கிள் எந்தக் கேள்வியும் கேட்காமல், மிகுந்த மரியாதையோடு உள்ளே போய்விட்டார். இப்போது அந்த வாளியின் அடிப்பாதியில் அம்மா மண் போட்டுப் பாண்டான் செடி நட்டிருக்கிறார். கெய்ட்லின் அதற்கு வணக்கம் வைக்கிறாள்.

இதைவிட முக்கியம் காலைப் பெரட்டு. ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகள் அல்லவா நம் அம்மா? தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது போல, இன்றும் ஐந்தே முக்காலுக்கு அடுப்படி வாசலில் நின்று நம் பேர்களைக் கூப்பிடுகிறார். மூத்தது முதலில், அதுதானே சட்டம். "யூஜினியா!" நீ போய் மூன்று மாதமாகியும் உன் பேரில்தான் தொடங்குகிறார் அக்கா. கேட்கவே பரிதாபமாக இருக்கும். அதனால் நானே போர்வைக்குள்ளிருந்து உன் குரலில், "இருக்கேம்மா, கத்தாதீங்க!" என்று பதில் கொடுக்கிறேன். அச்சு அசல் நீ. அப்புறம்தான் "டெரல்!", "கெய்ட்லின்!", கடைசியில் "காப்ரியல்!", அதற்கு அப்பா குளியலறையிலிருந்து இருமுவார். ஆக, இந்தக் குடும்பத்தின் மனத்திடத்தைத் தினமும் காலையில் தாங்கி நிற்பவன் நான். நன்றியை நேரில் வந்து சொல்லலாம்.

அப்பாவின் இருமல், அம்மாவின் செபம், கெய்ட்லினின் எச்சில் முத்தம் மூன்றையும் இத்துடன் அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குப் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
வீட்டின் தற்காலிக மூத்த பிள்ளை,
டெரல் காப்ரியல்

பி.கு.: டீச்சருக்கான தாள் மேலே முடிந்துவிட்டது. இது உனக்கு மட்டும், வேறு தாள். நான் இன்னும் சோபாவில்தான் படுக்கிறேன். உன் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. கெய்ட்லின் ஒருநாள் ஏறிப் பார்த்தாள், அக்கா திட்டும் என்று நானே இறக்கிவிட்டேன். இன்னொன்று. அம்மா உன் பேரைக் கூப்பிட்டது முதல் இரண்டு வாரம்தான், அதுவும் பழக்கத்தில். அப்புறம் ஒருநாள், "அவ பெரியவ ஆயிட்டா, தானே எந்திரிச்சிக்குவா" என்று சொல்லிவிட்டு என் பேரிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அம்மா நல்லாத்தான் இருக்காங்க. வாளிக் கதை சொன்ன அன்றைக்கும் நல்லாச் சாப்பிட்டாங்க, கருகின சாம்பாரோடயே. இப்போ தினமும் முதலில் உன் பேரைக் கூப்பிடுவது நான்தான். பதில் சொல்வதும் நானேதான். அம்மா நான் முடிக்கும் வரை காத்திருந்து அப்புறம் என் பேரைக் கூப்பிடுகிறார். நீ மலாக்காவுக்குப் போ அக்கா. ஆனால் போகும் முன்னாலோ வரும் வழியிலோ ஒரே ஒரு காலை வீட்டில் இருந்து, உன் பேருக்கு நீயே பதில் சொல்லிவிட்டுப் போ. எனக்கு மீசை வயசு, தொண்டை உடைந்துகொண்டு வருகிறது. இன்னும் கொஞ்ச நாள்தான் உன் குரல் என்னிடம் வரும்.