மாமனார் தலையில் விழுந்த மழைக்கால ஏற்பாடு

புதிதாக மோட்டார் வாங்கியவனையும் புதிதாக மீசை முளைத்தவனையும் சும்மா இருக்கச் சொல்ல முடியாது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் மோட்டார் வாங்கியவன். (மீசை விஷயத்தில் இன்றுவரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.)

ஆவடி சேக்காட்டில் வீடு வாங்கியபோது அது தெருவைவிட ஒரு படி உயரத்தில்தான் இருந்தது. அப்புறம் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டார்கள். வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. முதல் மழையிலேயே ஹாலில் செருப்புகள் மிதந்தன. திண்டுக்கல்லிலிருந்து பார்க்க வந்த மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாப்ள, வீட்டைப் பத்திரம் பண்ணீங்களா, குளத்தைப் பண்ணீங்களா?"

அடுத்த ஐப்பசியில் என் மனைவி செல்விக்கு வளைகாப்பு. "மழை நாளு. மண்டபம் பிடிச்சிருவோம்" என்றார் மாமனார். செல்விக்கோ தன் வீட்டில்தான் வளையல் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. "இங்கயே நடத்திக் காட்டறேன் மாமா" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு, வெள்ளத்தை வெளியேற்ற, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் ஒன்றை வாங்கிவந்தேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலை, மாமனார் முன்னிலையில் வெள்ளோட்டம். தண்ணீரில்லாமல் ஓட்டினால் உள்ளே கம்பிச்சுருள் கருகிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அன்று பார்த்து நல்ல வெயில். வெள்ளத்துக்கு எங்கே போவது? குடிக்கவும் குளிக்கவும் வைத்திருக்கும் தரையடித் தொட்டியில், அதாவது எங்கள் சம்ப்பில், மோட்டாரை இறக்கினேன். ஸ்விட்சைத் தட்டியதும் ஹோஸ் வழியாகத் தண்ணீர் தெருவில் சீறிப் பாய்ந்தது.

எதிர்வீட்டு பஷீர் பாய் ஓடிவந்தார். "இன்னா சார், ரோட்ல உட்டுகினு கீறே? வண்டி வழுக்கி எவனாச்சும் உழப்போறான். கால்வாயில உடு!"

ஹோஸ் முனையைத் தெருவோரக் கால்வாய்க்குள் ஆழமாகச் செருகினேன். முந்தின வார மழையில் அது கறுப்பாக நிரம்பி நின்றது. (மழைநீர்க் கால்வாய் என்றுதான் பெயர். உள்ளே இருப்பது வேறு.) ஐந்து நிமிடம் ஓட்டினேன், நிறுத்தினேன். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மாமனாரோடு மார்க்கெட்டுக்குப் பூவும் வளையலும் வாங்கக் கிளம்பினேன்.

மதியம் திரும்பி வந்து சம்ப்பைத் திறந்தால், விளிம்பு வரை தண்ணீர்!

"செல்வி! குழாய்த் தண்ணி வந்துடுச்சு! விசேஷ வீடுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு பாரு!"

அதில் பாதியை உடனே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினேன். (சம்ப்புக்குள் எப்போதும் இருட்டு. எனக்கோ அன்று கடும் ஜலதோஷம். மூக்கு விடுப்பில் இருந்தது.) மாமனார் துண்டோடு குளிக்கப் போனார்.

இரண்டு சொம்பு ஊற்றியிருப்பார்.

"மாப்ளே!"

தலையில் நுரை, காதோரம் வெங்காயத் தோல். அவருக்கு முன்னால் அந்த வாடை வெளியே வந்தது. செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு சம்ப்பை எட்டிப் பார்த்தாள்.

"மோட்டார நிறுத்தினீங்க சரி. ஹோஸ எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. கால்வாய் மேலே, எங்கள் சம்ப் கீழே. மோட்டார் நின்றதும், போன வழியிலேயே கால்வாய்த் தண்ணீர் சாவகாசமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

"நாளைக்கு அம்பது பேரு வராங்க" என்றாள் செல்வி. சம்ப் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் மண்டபம் என்பார், நான் தலையாட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிளீச்சிங் பவுடர எடுங்க. எம்மக இங்கதான் வளையல் போடுவா."

என் மோட்டார், வாங்கிய காரியத்தை அன்றுதான் செய்தது. கழிவு முழுவதையும் வெளியே தள்ளியது. (ஹோஸை இந்த முறை பஷீர் பாய் கையிலேயே பிடித்துக்கொண்டார். "உன்ன நம்ப முடியாது நைனா.") மாமனாரும் நானும் மாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, சம்ப்புக்குள் இறங்கித் தேய்த்தோம். பாய் வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. மறுநாள் எங்கள் ஹாலில், இரவல் தண்ணீரில் சமைத்து, செல்விக்கு முழங்கை வரை வளையல் அடுக்கினார்கள். ஒரு சொட்டு மழை இல்லை.

வயிற்றிலிருந்த பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாமனார் எப்போது வந்தாலும் குளியலறை வாசலில் துண்டோடு நிற்பார். "நீங்க மொதல்ல, மாப்ள."

நான் குளித்துவிட்டு வந்து குனிய வேண்டும். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்து ஆழமாக ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

புதிதாக வரும் விருந்தாளிகள், மாமனார் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.