பேட்டரி பாயின் குடம்

திண்டுக்கல்லில் தண்ணீர் குடித்தே புகழ்பெற்ற ஒரே மனிதர் எங்கள் பேட்டரி பாய்தான். மற்றவர்களெல்லாம் பிரியாணி தின்று புகழ்பெற்றவர்கள்.

நாகல் நகரில் அவருக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை. தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக வடித்து, கேனில் விற்பார். ஊரில் அதற்குப் பேட்டரி தண்ணி என்று பெயர். அதேபோலத் தனியாக வடித்து, எவர்சில்வர் குடத்தில் பிடித்து, தானும் குடிப்பார்.

"நம்மூர்த் தண்ணிய ஊத்துனா உப்பு படிஞ்சு பேட்டரியே செத்துப்போவுது. அத நான் குடிக்கணுமாக்கும்?" என்பார்.

இந்தத் தர்க்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. எங்கே என்பதுதான் இத்தனை புத்தகம் படித்தும் எனக்குத் தெரியவில்லை. தாது உப்பு இல்லாத தண்ணீர் எலும்பை அரித்துவிடும் என்று வாட்ஸப் ஆதாரத்தோடு எச்சரித்தேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லெவல் கொறஞ்சிருக்கு. சாப்டீங்களா?"

பேட்டரியும் மனிதனும் அவருக்கு ஒரே ஜாதி.

வம்பு வந்தது மகள் கல்யாணத்தில். மாப்பிள்ளை வீடு நெய்க்காரப்பட்டி. எல்லாம் பேசி முடித்து, தேதி குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் இங்கே கிளம்பிய பேட்டரி தண்ணி, அங்கே போய்ச் சேரும்போது ஆசிட் ஆகிவிட்டது. ஆசிட் குடிக்கிறவர் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர்கள் தயங்க, இங்கே மகள் சோற்றைத் தொடவில்லை. பாய்க்கே லெவல் இறங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தா, அதாவது அப்பா, நேரில் வந்தார். துணைக்கு, டாக்டருக்குப் படித்த தங்கை மகள். நடுவராக என்னை உட்காரவைத்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற வீடு அது.

"ஏனுங்க பாய், தப்பா நெனைக்காதீங்க. ஆசிட் குடிக்கறீங்களாமா?"

அதுவரை வாய்க்கு வாய் 'சம்பந்தி' என்றவர், அன்று 'பாய்' என்றார். எல்லோர் காதிலும் அதுதான் விழுந்தது.

பாய் குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார். வந்தவர் டாக்டரைப் பார்த்தார்.

"குடிங்க மாமா. வெறும் வடிச்ச தண்ணிதானுங்க. ருசி இருக்காது, அம்புட்டுதான். ஒடம்புக்கு வேணுங்கற தாது உப்பு முக்காவாசி சோத்துலயே கெடைச்சுரும். பேட்டரிக்கு விக்கற கேன்ல இருக்கறதத்தான் குடிக்கக் கூடாது. ஆமா, இவரு ஒழுங்காச் சாப்பிடறாருங்களா?"

பதில் உள்ளேயிருந்து வந்தது, பாயின் மனைவியிடமிருந்து. "இந்த வீட்ல ஆக்குற பிரியாணிய எல்லாம் யாரு திங்கிறான்னு நெனச்ச, கண்ணு?"

வந்தவர் ஒரு மடக்குக் குடித்தார். நாக்கைச் சுழற்றினார்.

"சப்புன்னு இருக்குதுங்க," என்று இழுத்தார். பிறகு, "சம்பந்தி."

நாகல் நகர் முழுக்கக் கரண்டு வந்த மாதிரி இருந்தது. கல்யாண மேடையில் அந்தக் குடம் நெருங்கிய உறவு மாதிரி வீற்றிருக்க, நெய்க்காரப்பட்டியே வரிசையில் நின்று ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் குடித்தது. பிரியாணிக்கு மட்டும் ஊர்த் தண்ணீர்தான் என்று உத்தரவு போட்டவரும் பாய்தான். கேட்டதற்கு, "அது பேட்டரி இல்லைல்ல" என்றார்.

இன்றும் கடையைத் தாண்டினால் என் லெவலை விசாரிக்காமல் விடமாட்டார்; குறைந்திருந்தால் வீட்டுக்கு இழுத்துப்போய்ப் பிரியாணி போடுவார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும், இன்னும் சாப்பிடவில்லை என்றே சொல்லி வைக்கிறேன்.