சங்கிலிபூதத்தான் துப்பறியும் நாவல் சொன்ன படலம்

நெடிதுயர்ந்த மூட்டையடுக்குகளின் வேந்தன், சணல் மணக்கும் சும்மாட்டையே மணிமுடியாகச் சூடியவன், எழுபத்தைந்து கிலோ புழுங்கலரிசியை முதுகில் ஏற்றிப் பலகைச் சரிவில் ஏறுங்கால் பலகை முனகுமேயன்றித் தான் முனகாதவன், வண்ணார்பேட்டை அரிசிக் கிட்டங்கியின் சுமைவீரர் குழாத்துள் மூத்தோனும் முன்கோபியுமாகிய சங்கிலிபூதத்தான் வாழ்க. அவன் தோள் வாழ்க. தோளின்மேல் ஆமையோடுபோல் காய்த்திருக்கும் காய்ப்பும் வாழ்க.

ஆயினும், கேட்போரே, அவன் பெரும்புகழ் தோளால் வந்ததன்று. தோள் அங்கே எல்லோருக்கும் இருந்தது. இல்லாதவனுக்கு அங்கே வேலையில்லை. வீடுதோறும் கேபிள் கம்பி நுழைந்துகொண்டிருந்த தொண்ணூற்று நான்காம் ஆண்டிலும், மூட்டை இறக்கிய களைப்பில் சாக்கின்மேல் சாய்ந்து எழுத்துக்கூட்டி வாசித்த அந்த வீரர் கூட்டத்துக்கு, இம்மாதம் எந்தத் துப்பறியும் நாவலை வாங்கலாம் என்று எடுத்துரைக்கும் தனியுரிமை அவன் ஒருவனிடமே இருந்தது. அதனால் வந்த புகழ் அது.

அவ்வுரிமையின் அருமையை இங்கே சொல்லியாக வேண்டும். அவன் கூலியை முதலாளி சொன்னார். அவன் வேலை நேரத்தை லாரி சொன்னது. வீட்டில் என்ன குழம்பு என்பதை மனைவி முத்துராணி சொன்னாள். மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை என்பதை முத்துராணியின் அண்ணன்மார் சொன்னார்கள். இப்பரந்த பூமண்டலத்தில் சங்கிலிபூதத்தானைப் பார்த்து, “நீரு என்ன சொல்லுதீரு?” என்று மனிதர் கேட்டது மாதத்தில் ஒருநாள், கிட்டங்கி வாசலில், சிவசைலத்தின் தேநீர்க் கடை முன்னால், நாவல் விஷயத்தில் மட்டுமே.

குழாத்தின் வழக்கம் இது. எல்லோரும் பங்கு போட்டு மாதம் ஒரு நாவல் வாங்குவார்கள். சொல்லும் உரிமையுடையோன் ஜங்ஷன் கடையில் அதை வாங்கி, முதலில் தான் முழுதும் வாசித்து, வாசித்தபின் சபையில் எழுந்து அதற்கு ஜாமீன் நிற்பான். சபை தலையசைத்தால், கிழிந்த மூட்டைகளைத் தைக்கும் சாலோமி தன் சாக்குக் கத்தியால் நூலின் முதுகை அறுத்து, நெல் பங்கிடுவதுபோல் நான்கு பங்காக்குவாள். ஒருவன் முதற்பங்கை முடித்துக் கொடுத்தபின் மற்றொருவன் வாங்குவான். கொலையாளி குடியிருக்கும் கடைசிப் பங்கு மட்டும் சிவசைலத்தின் முறுக்கு டின்னுக்குள் காவலில் கிடக்கும். ஏனெனில் சிவசைலம் ராசிபலன் தவிர எதையும் வாசியாதவர். அவரிடம் எந்த ரகசியமும் பத்திரம். எல்லோரும் வாசித்து முடித்ததும் சாலோமியே கோணி ஊசியும் சணலும் கொண்டு நூலைத் திரும்பத் தைப்பாள். ஈரச் சாக்குபோல் கனத்து, தவிட்டு மணம் வீசி, அந்நூல் மீண்டும் பிறக்கும்.

சங்கிலிபூதத்தான் வழிபட்ட ஆசிரியர் ஒருவரே: இடிமுழக்கம் இளவழுதி. அவர் நாவலில் முதற்பக்கத்திலேயே பிணம் விழும்; விழாவிட்டால் அச்சுப்பிழை என்று சங்கிலிபூதத்தான் கொள்வான். வேறு ஆசிரியரின் பெயரை அவன் காதில் ஓதுவதும், ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணியைப் பார்த்து ஒதுங்கிப் போகச் சொல்வதும் ஒன்றே.

அத்தகைய வெள்ளத்துக்கு எதிரே ஓர் ஊசி எழுந்தது.

சாலோமியைப் பாடுவோம். ஓராயிரம் சாக்குகளின் வாய் தைத்தும் தன் வாய் தைக்காதவள். விரல்நீளக் கோணி ஊசியை வேலென ஏந்தியவள். புன்னக்காயலில் பிறந்து, வலை பின்னிய கையால் வண்ணார்பேட்டையில் சாக்குத் தைக்க வந்தவள். அவள் உள்ளங்கவர்ந்த ஆசிரியை வைரமாலினி என்பார். அவ்வம்மையார் நாவலில் பிணம் விழ எண்பது பக்கமாகும். அதுவரை எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருப்பார்கள். “வெறுக்கதுக்கு நேரம் குடுக்கணும்லா, அப்பந்தான கொலைல ஒரு ஞாயம் இருக்கும்” என்பது சாலோமியின் கொள்கை. இக்கொள்கையை அவள் ஆண்டுக்கணக்கில் சபைமுன் வைத்தும், சங்கிலிபூதத்தான் மூட்டையை உதறுவதுபோல் அதை உதறி வந்தான்.

சென்ற மாதத்தில் விதி புரண்டது. இளவழுதியின் நாவலில் மருத்துவரே கொலையாளி என்று குழாம் முழுதும் இரண்டாம் பங்கிலேயே கண்டுகொண்டது. பங்குப் பணம் வீண் என்று அருமைநாயகம் என்னும் இளஞ்சுமையாளி முணுமுணுத்தான். அம்முணுமுணுப்பை ஊசிக்காதில் கோத்துக்கொண்டாள் சாலோமி.

போர்நாள் வந்தது. ஆந்திரத்து அரிசி லாரி கயத்தாற்றுக்கு அப்பால் டயர் வெடித்து நின்றுவிட்டதால் குழாம் முழுதும் கைகட்டித் தேநீர்க் கடை முன் அமர்ந்திருந்த முற்பகல் அது. பேருந்துகளின் ஊதொலி போர்முரசாய் முழங்க, வடைச்சட்டியில் கொதித்த எண்ணெய் யாகத்தீயாய்ப் புகைய, வேட்டி மடிப்பிலிருந்து புதுநாவலை உருவினான் நம் வீரன். உறையினின்று வாள் வந்ததுபோல் வந்தது ‘கிணற்றடியில் ஒரு கைக்கடிகாரம்’. அட்டையில் ஒரு கத்தி, ஒரு கண், கதைக்கும் தனக்கும் தொடர்பில்லாத ஒரு மங்கை. சபை பெருமூச்செறிந்தது.

அப்பொழுதே ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்தாள் சாலோமி.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. சொல்லி முடிச்சதும், புத்தகத்தத் தொடாமலே கொலகாரன் யாருன்னு நான் சொல்லுதேன். சரியாச் சொல்லிட்டன்னா அடுத்த மாசத்துல இருந்து புத்தகம் நாந்தான் சொல்லுவேன்.”

மேகத்துக்குள் மின்னல் புகுந்தாற்போல் சபைக்குள் சிலிர்ப்புப் புகுந்தது. சங்கிலிபூதத்தான் சிரித்தான். யானை சிரித்தால் அப்படித்தான் இருக்கும். வாசிக்காத நூலின் கொலையாளியை மானுடர் எவர் அறிவார்? இளவழுதியின் மூளையுள் புகுந்து வந்தோரோ? தோற்றால் அவள் இனி வைரமாலினி என்னும் நான்கெழுத்தையோ ஐந்தெழுத்தையோ கிட்டங்கி எல்லைக்குள் உச்சரிக்கலாகாது என்று எதிர்நிபந்தனை விதித்தான். அவள் ஒப்பினாள். சிவசைலம் நடுவரானார். நடுவர் என்ற முறையில் எல்லோருக்கும் இன்னொரு தேநீர் ஊற்றினார். அதற்குக் காசு வாங்கினார்.

எழுந்தான் வீரன். தொடங்கினான் ஆற்றுப்படை. பண்டைப் பாணர் பசித்த பாணரை வள்ளலிடம் வழிப்படுத்தியதுபோல், மூட்டை சுமந்து களைத்தோரை இளவழுதியின் கிணற்றடிக்கு வழிப்படுத்தினான். என் செய்வான், அன்று அவன் நாவில் வாக்குத்தேவி வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டாள். பண்ணையார் சொக்கலிங்கத்தின் பிணம் கிணற்றில் மிதந்ததை அவன் சொன்னபோது, அருமைநாயகம் தன் தேநீர்க் கோப்பையினுள் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். கிணற்றுக் கட்டைச்சுவரில் கிடந்த கைக்கடிகாரம் நின்றுபோயிருந்த நேரத்தைச் சொன்னபோது, எல்லோரும் தத்தம் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டனர். சீட்டாட்டத்தில் நிலத்தைத் தோற்ற தம்பி ராஜதுரையைக் காட்டினான்; அவன் மீசை முறுக்கும் விதத்தை முறுக்கியே காட்டினான். கணவன் பிணத்துக்கு முன்னால் கண்ணில் நீர் வராத இளையதாரம் வசந்தாவைக் காட்டினான். பெயரும் ஊரும் சொல்லி, சித்திரை வெயிலிலும் கையுறை கழற்றாத வக்கீலை, ஒரு கால் சாய்த்து நடக்கும் ஓட்டுநர் பிச்சையாவை, அரிவாள்மணை காணவில்லை என்று பொய்யாய் அலறிய சமையற்காரன் கோமதிநாயகத்தை, அச்சமையற்காரன் வளர்த்த சிங்காரி என்னும் கோழியைக்கூடத் தனித்தனியே சந்தேகத்தேரில் ஏற்றிச் சபையைச் சுற்றி வலம்வரச் செய்தான்.

ஒவ்வொருவரும் கொலைசெய்யத் தக்கவராய் ஒளிர்ந்தனர். பேருந்துக்கு நின்றோர் இருவர் பேருந்தை விட்டுவிட்டுக் கேட்டனர். எண்ணெயில் வடை கருகியது, சிவசைலம் கவனிக்கவில்லை. சொல்லிச் சொல்லி வியர்த்து, சொற்களின் மூட்டையை ஒவ்வொன்றாய் இறக்கி அடுக்கி, இறுதியில் துண்டால் முகம் துடைத்து, புயல் ஓய்ந்த கடல்போல் அமர்ந்தான் சங்கிலிபூதத்தான்.

கொலையாளியின் பெயர் மட்டும் அவன் நெஞ்சின் அடியறையில், இரும்புப் பூட்டுக்குள் கிடந்தது. ஜாமீன் நிற்பவன் அதைச் சொல்லலாகாது. கொதிக்கும் எண்ணெயை வாயில் ஊற்றினும் சொல்லியிரான்.

சாலோமி ஊசி குத்திய சாக்கை ஓரமாய்த் தள்ளினாள். பிறகு பைய, சாக்கில் கிழிசல் தேடும் கைபோல, ஒரே ஒரு கேள்வியை நீட்டினாள்.

“பொணத்த மொதல்ல பாத்தது யாரு அண்ணாச்சி?”

வீரன் தேநீர்க் கோப்பையை எடுத்தான். கோப்பையில் தேநீர் இல்லை. இருப்பினும் குடித்தான்.

“விடியக்காலம் மோட்டார் போட வாறவன்.”

“அவன் பேரு?”

“பேரு எதுக்கு ஒனக்கு? மோட்டார் போடுதவன், அவ்வளவுதான்.”

அந்தோ, மூட்டையின் தையல் எங்கே நழுவுகிறது என்று ஊசிக்காரிக்குத் தெரியாதா. அவள் சபையை நோக்கித் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“தம்பிக்குப் பேரு சொன்னிய. டிரைவருக்குப் பேரு சொன்னிய. சமையக்காரன் வளக்குத கோழிக்கு வரைக்கும் பேரு சொன்னிய. விடியங்காட்டியும் கெணத்தடிக்கு மொத ஆளா வந்தவனுக்கு மட்டும் பேரு இல்ல. இவ்வளவு நேரம் அவன் பக்கம் நீங்க திரும்பவே இல்லியே அண்ணாச்சி. அவந்தான்.”

அக்கணத்தில் வண்ணார்பேட்டையே நின்றது என்று பாடலாம். ஆனால் நிற்கவில்லை, பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. நின்றது சங்கிலிபூதத்தானின் முகம். இளவழுதி இருநூறு பக்கங்களில் பொத்திவைத்த கொலையாளி அம்முகத்தில் சுவரொட்டிபோல் ஒட்டப்பட்டிருந்தான். எனினும் சபைக்குச் சான்று வேண்டுமே. நாவல் நடுவர் கைக்கு மாறியது. சிவசைலம் கையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, வாழ்வில் முதன்முறையாக ராசிபலன் அல்லாத ஒன்றை, கடைசிப் பக்கத்திலிருந்து, உரக்க வாசித்தார்: பம்புசெட்டில் மோட்டார் போடும் மாடக்கண்ணு, கைவிலங்கோடு தலைகுனிந்து நின்றான்.

பெருங்கூச்சல் எழுந்தது. அருமைநாயகம் சாக்கின்மேல் ஏறிக் குதித்தான். “ஏ வே, கொலைய நீரே செஞ்ச மாதிரில்லா உக்காந்திருக்கீரு” என்று அவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தனர். கடைசியாகச் சிரித்து நிறுத்தியவர் யாரென்று வீரன் கவனித்து வைத்துக்கொண்டான்.

வீழ்ந்தும் வில்லைவிடாத வீரர்போல் அவன் இறுதியாய் ஓர் அம்பு தொடுத்தான். “ஏளா, நீ புத்தகத்தப் பாத்தா கண்டுபிடிச்ச? எம் மூஞ்சியப் பாத்துல்லா கண்டுபிடிச்ச. இது எப்படிச் செல்லும்?”

நியாயமான கேள்வி. சபை ஒருகணம் தராசுமுள்போல் ஆடியது. சங்கிலிபூதத்தான் கண்ணில், மாதத்தில் அந்த ஒருநாளை இழந்துவிடுவோமோ என்ற பயம் வெளிப்படையாகவே தெரிந்தது. எழுபத்தைந்து கிலோவுக்கு அஞ்சாத மனிதனின் பயம் பார்க்கச் சங்கடமாயிருந்ததால் பலர் வேறுபக்கம் பார்த்தனர். சாலோமி அந்தப் பயத்தைப் பார்த்தாள். ஊசியைத் திரும்ப எடுத்தாள்.

“புத்தகம் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி,” என்றாள். “ஆனா நீங்க சொன்னது அத விட நல்லா இருந்துச்சு. இனி அத யாரு படிக்க? பெரிய மனசு பண்ணி ஒண்ணு செய்யுங்க. எந்தப் புத்தகம்னு நான் சொல்லுதேன். மொத மூணு பங்கையும் நீங்க படிச்சிட்டு, கதைய எங்களுக்கு நீங்களே சொல்லுங்க. கடைசிப் பங்க மட்டும் உங்க கையில குடுக்க மாட்டோம்.”

தோல்வியா வெற்றியா என்று தேவர்களே தீர்ப்பளிக்க இயலாத அத்தீர்ப்பைக் கேட்டு, மலைத்தோளன் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தான். அவன் மார்பில் இடிமுழக்கமும் வைரமும் மோதின. மானம் ஒருபுறம் இழுக்க, மறுபுறம் தன் மீசைமுறுக்கைக் கண்டு பேருந்தைத் தவறவிட்ட இருவரின் வாய்பிளந்த முகங்கள் இழுக்க, ஈரேழு உலகமும் அவன் விடைக்காகக் காத்திருக்க, அந்நேரம் பார்த்து ஆந்திரத்து லாரி பாளையங்கோட்டைச் சாலையைக் கிழித்துக்கொண்டு புழுதிப்படலமெழுப்பிக் கிட்டங்கி வாசலில் வந்து நின்று, கிளீனர் பின்கதவைத் தட்ட, சும்மாட்டைத் தலையில் சூடி, முதலாளாய் எழுந்து, ஒரே ஒருமுறை தலையை அசைத்துவிட்டு நடந்தான் சங்கிலிபூதத்தான்.

அடுத்த மாதம் வைரமாலினி நாவல் வாங்கினார்கள், சங்கிலிபூதத்தான் கதை சொன்னான், நன்றாகத்தான் இருந்தது.