நெஞ்சுக் கருவியும் ஹால் சோபாவும்

இனி ஆயுள் முழுவதும் ஹால் சோபாவில்தான் படுப்பது என்று முடிவு செய்தேன். துறவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் என் நெஞ்சில் இருந்தது. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் தாளம் தப்பித் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருமாம். மனைவியின் பக்கத்தில் படுத்தால் என் இதயம் ஓடும். கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிறது. அது எந்த ஓட்டம் என்று கருவிக்குத் தெரியுமா? எனக்கு அடித்தால் போகட்டும், அவளையும் சேர்த்து அடித்துவிட்டால்?

இதை அவளிடம் சொல்ல வெட்கம். "முதுகுவலி. சோபாதான் சுகம்" என்றேன்.

"அந்தச் சோபால பூனைகூடப் படுக்காதுங்க."

"எனக்குப் பழகிடுச்சு."

"எனக்குப் பழகலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த பரிசோதனையின்போது ரகசியமாகக் கேட்டுவிடத் திட்டம் போட்டேன். அவளை எப்படிக் கழற்றிவிடுவது? டாக்டர் அறை வாசலிலேயே, "எனக்கு ஒரு போன் பேசணும், நீங்க போங்க" என்று அவளே நின்றுவிட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

"டாக்டரம்மா, என் நண்பர் ஒருத்தருக்கு இதே கருவி..."

"அவருக்கும் இடது பக்கமா?"

"ஆ... ஆமா."

டாக்டர் என் நெஞ்சைப் பார்த்தபடியே பேசினார். "உங்க நண்பருக்குப் புண் நல்லா ஆறிடுச்சு. ரெண்டு மாடி மூச்சு வாங்காம ஏறறார். மனைவியோட தாராளமாச் சந்தோஷமா இருக்கலாம்."

"ஷாக் அடிச்சா?"

"அந்த ஓட்டம் வேற, இந்த ஓட்டம் வேறன்னு கருவி பெரும்பாலும் கண்டுபிடிச்சுடும். அப்படியே அடிச்சாலும், தொட்டுக்கிட்டிருக்கறவங்களுக்கு லேசாச் சுரீர்னு இருக்கும். ஆபத்தில்லை. அப்ப எல்லாத்தையும் நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். நடையில் ஒரு மிடுக்கு. முகத்தில் மட்டும் கொஞ்சம் சோகம் பூசிக்கொண்டேன்.

"என்னங்க சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்ல! நான் ஒண்ணுமே கேக்கலை. அவங்களாவே கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இனிமே தனியாப் படுக்கக்கூடாதாம். டாக்டர் உத்தரவு, என்ன பண்றது!"

"அவங்களாவேவா?"

"அவங்களாவே."

மனைவி என் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அதிசயமா இருக்கே! நீங்களா வாயைத் திறந்து கேட்டாத்தான் சொல்லணும்னு போன வாரமே டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருந்தேனே!"