செவ்வாய்க்குக் கறை எடுத்தேன்

எனக்கு இன்னும் கோவம் ஆறலைங்க. தப்பு என்னுதுதான், அதனால கோவம் ரெட்டிப்பு.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். துணில கறை இருந்தா ஸ்ப்ரே கன்னுல மருந்து அடிச்சு எடுக்கறது என் வேலை. (எட்டாவதோட நின்னவ நானு. ஆனா கறையப் பாத்தா விடமாட்டேன்.) எங்கண்ணன் அதே கம்பெனில பிரிண்டிங் மாஸ்டர். பைக்ல போனவன் திரும்பி வரலைங்க. காரியம் முடிஞ்சு நான் வேலைக்குப் போன மொத நாளு நடந்தது இது.

அவன் கடைசியா அடிச்ச டீசர்ட்டு என் மேசைக்கு வந்துச்சு. செவ்வாய் கிரகத்துல ஆறு சக்கர வண்டி ஒண்ணு நின்னு கல்லைத் தொளைக்குது. கல்லு பூராவும் கருப்பு கருப்பா புள்ளி. எனக்குப் பகீர்னுச்சு. செத்தவன் வேலைல கறைன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாதில்லைங்க? அழுதுட்டே அடிச்சேன். சாயங்காலத்துக்குள்ள முன்னூறு பீஸு. கல்லு பளிங்காட்டம் ஆயிருச்சு.

சூப்பர்வைசர் செல்வியக்கா ஒரு பீஸத் தூக்கிப் பாத்தாங்க.

"புள்ளி எங்க கண்ணு?"

"எடுத்துட்டேனுங்கக்கா. சுத்தமா."

"அடக் கண்ணு, அந்தப் புள்ளியத் தேடித்தான வண்டியே அங்க போயிருக்குது. தண்ணி ஓடுச்சா, எப்பவாச்சும் உசுரு இருந்துச்சான்னு அத வெச்சுத்தான் பாப்பாங்களாமா. உங்கண்ணன் ஊட்ல சொல்லலியா?"

சொன்னான். சோறு திங்கறப்பவெல்லாம் சொன்னான். "கல்லைத் தொளைச்சுக் குழாய்ல அடைச்சு வெக்குது பாப்பா, பின்னாடி பூமிக்குக் கொண்டாந்து பாக்கறதுக்கு"ன்னான். "மொதல்ல தட்டைக் கழுவி வை"ன்னேன் நானு. இதே டிசைன மொதல்ல அடிச்சுப் பாத்த ட்ரையல் பீஸப் போட்டுட்டுத்தான் ஊட்ல சுத்துனான். புள்ளியப் பாத்தேன், குழம்புன்னு நெனச்சேன். அவன் சட்டைல குழம்பு சிந்தாத நாளு எது?

அத்தன தூரம் போயி தேடறத நான் உக்காந்த எடத்துல தொடச்சுட்டேன். சரி, இப்பிடித்தான் இருக்கோணும்னு காட்டற அப்ரூவல் சாம்பிளு என் மேசைல தொங்கணுமில்லைங்க? அத ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு மேனேஜர் என்னைய வையறாரு. முன்னூறும் கழிச்ச மாலா செகண்ட்ஸுக்குப் போச்சு. அண்ணனோட கடைசி வேலைய ரோட்டோரத்துல குமிச்சு வெச்சு வித்தாங்க.

விசயத்தக் கேட்டு அம்மா சிரிச்சுது. காரியத்துக்கப்பறம் மொத தடவ. இப்பவும் மச்சம் இருக்கறவங்க யாரு ஊட்டுக்கு வந்தாலும், "மூடிக்கங்க சாமி, இவ கன்னோட வந்துருவா"ங்குது.

அந்த ட்ரையல் பீஸு பீரோல இருக்குது. அதுல மூணு புள்ளி பிரிண்டு இல்லைங்க, நெசமான குழம்பு. அத எவனாச்சும் தொவைச்சுப் பாக்கட்டும்.