முட்டை வார்டன் கேட்ட கேள்வி

தொழில்முறை ரக்பியின் எதிர்காலத்தை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது. அவர்கள் அத்தனை பேரின் கவலையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, எங்கள் முட்டை வார்டனின் கவலையை இன்னொரு தட்டில் வைத்தால், வார்டன் தட்டுதான் தரையைத் தொடும். இத்தனைக்கும் அவர் ரக்பி ஆடியதில்லை. ஆடுகிற நாடு எதையும் பார்த்ததில்லை. அந்த விளையாட்டுக்காக அவர் அதிகபட்சம் பயணம் செய்த தூரம் பெரியமேடு வரைதான், பந்து வாங்க.

நான் சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. 2011 என்று நினைக்கிறேன். வயலெல்லாம் ஃபேக்டரியாகி, ஃபேக்டரிக்கு ஆள் வேண்டும் என்று தெற்கேயிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வல்லம் வடகால் போகிற வழியில் எங்கள் ஹாஸ்டல். வார்டன் உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பனியனுக்கு மேல் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். எல்லாரும் அவரை முட்டை வார்டன் என்றே சொன்னதால், தினமும் முட்டை போடுகிற ஹாஸ்டல் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்தேன். என்னைப் போல ஏமாந்தவர்கள் ஒவ்வொரு மாடியிலும் இருந்தார்கள். முட்டை என்றால் ரக்பிப் பந்து. அது அந்த வடிவத்தில் இருக்கும். மெஸ்ஸில் கிடைத்தது சாம்பார்.

ரக்பி அவர் வாழ்க்கைக்குள் வந்த கதை சுவாரசியமானது. டிவி அறையின் ரிமோட் ஒருநாள் காணாமல் போனது. டிவியில் இருந்த பட்டன்கள் அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தன. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல். நியூசிலாந்தில் ரக்பி உலகக்கோப்பை. அங்கே மத்தியானம் என்றால் இங்கே காலை டிபன் நேரம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, இரண்டு பாட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று வந்து உட்காருபவன், ஆளுக்கு ஒன்றரை மூட்டை எடையுள்ள முப்பது பேர் முட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவான். ரிமோட்டை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார் வார்டன். எலிக்கு ரிமோட் எதற்கு என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

விளையாட்டு பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி தப்பாகத்தான் தெரியும். வேல்ஸ் என்ற அணி முருகன் சம்பந்தப்பட்டது என்று நெடுநாள் நம்பியிருந்தார். அவர்கள் ஜெயிக்கக் குன்றத்தூர் மலையேறி, நட்சத்திரம் கிருத்திகை என்று சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அவர்கள் தோற்றார்கள். அவர் ஜெயிக்கும் என்று சொன்ன எந்த அணியும் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் கவலையில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டீக்கடையில் நாங்கள் ஓ.டி. பற்றிப் புலம்பினால், பேச்சு எப்படியோ இங்கிலாந்து, பிரான்ஸ் என்று போய்விடும். அவர் கண்ணில் அங்கே காசுக்கு ஆடுகிற ஆட்டக்காரர்கள் எல்லாரும் காண்ட்ராக்ட் லேபர். லீக் நடத்துகிறவர்கள், ஆளை விடாமல் ஓ.டி. போடச் சொல்லும் சூப்பர்வைசர்கள்.

"மெஷினுக்கே வருசத்துக்கு ஒரு வாட்டி ஷட்டவுன் வுட்றான். மன்சன் கய்த்துக்கு வாணாவா?" என்பார். "கிளப்பெல்லாம் நஷ்டத்துல ஓடுதுன்றான். நஷ்டம்னு இன்னும் நாலு மேட்ச் சேத்து வெக்கிறான். இப்டியே போனா ஆடறதுக்கு ஆளு எங்கேந்து வருவான்?"

டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.

ஒருநாள் காலை டிவியில் ஓர் ஆட்டக்காரன் தலையில் அடிபட்டு விழுந்தான். எழுந்தான், தள்ளாடினான், எதிரணி வரிசையில் போய் நின்றான். அவனைத் திருப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்து, மறுபடி ஆட விட்டார்கள். நாங்கள் சிரித்தோம். வார்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நிஜமாகவே அழுதார். "ஆட வுட்றாம்பா, ஆட வுட்றான்" என்பதைத் தவிர அன்று முழுக்க வேறு பேச்சில்லை. முன்பின் தெரியாத ஒருவனின் மண்டைக்காக அழுகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. இதுவரையும் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அணி. தொழிற்பேட்டையில் ஒரு மனை, ஒதுக்கியும் ஃபேக்டரி வராமல் காலியாகக் கிடந்தது. அதில் எங்களை இறக்கினார். பந்தை இறுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்பைப் பிடித்துச் சாய்ப்பான், கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். கபடி ஆடி வளர்ந்த எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. அதிலும் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிராஜா பந்தோடு கிளம்பினால், பிடிக்கப் போனவன் கையில் அவன் சட்டைதான் மிஞ்சும்.

அடிபட்டவனைச் சோதிக்காமல் ஆட விடுவதில்லை என்பது வார்டனின் முதல் சட்டம். வெளிநாட்டில் டாக்டர் என்ன கேட்பார் என்று என்னிடம் விசாரித்தார். எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்றெல்லாம் கேட்பார்களாம் என்றேன். எங்களில் யாருக்கும் அடிபடாதபோதே புள்ளிக் கணக்கு புரியாது. எல்லாருக்கும் பதில் தெரிந்த கேள்வியாக வேண்டும் என்று யோசித்து அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார்: "நேத்து நைட்டு இன்னா கொயம்பு?"

முதல் வாரமே ஒருவன் மண்டை மோதி விழுந்தான். கேள்வி கேட்கப்பட்டது. "சாம்பார்" என்றான் பட்டென்று. பாஸ். எழுந்துபோய் ஒரு லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, பெரியம்மா எப்போது வந்தாய் என்று விசாரித்தான். அப்போதுதான் வார்டனுக்குத் தன் சோதனையில் இருந்த ஓட்டை தெரிந்தது. எங்கள் மெஸ்ஸில் முந்தின நாளும் சாம்பார், அதற்கு முந்தின நாளும் சாம்பார். மூளையே இல்லாதவனும் அந்தப் பரீட்சையில் தேறிவிடுவான்.

நேராக அடுப்படிக்குப் போனார். "யோவ் மாஸ்டர், உன் சாம்பாரால ஒர்த்தன் சாவப் போறான்யா" என்றார். மெஸ் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கும்பகோணத்தில் தன் சாம்பாருக்குக் கிடைத்த மரியாதையை விவரித்து, கணக்கை முடிக்கச் சொன்னார். சமாதானம் பேச எங்களுக்குப் பொழுது போய்விட்டது. முடிவில், அடுத்தடுத்த நாளில் ஒரே குழம்பு வைப்பதில்லை என்று ஒப்பந்தமானது. வத்தக்குழம்பு, மொச்சைக்கொட்டை, கருவாடு, சனிக்கிழமை மீன். படப்பையிலிருந்தெல்லாம் பையன்கள் ரூம் கேட்டு வந்தார்கள். ரக்பியால் உலகத்தில் யார் நன்மை அடைந்தார்களோ இல்லையோ, நாங்கள் அடைந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் நகரத்திலிருந்து செய்தி வந்தது. மாதச் சம்பளம் கொடுத்து ரக்பி ஆட வைக்க ஓர் அணி தொடங்குகிறார்கள். தங்கள் பையன்களோடு வந்து ஒரு மேட்ச் ஆடி, தேறுகிற ஆளை எடுத்துக்கொள்வார்கள். இசக்கிராஜாவுக்கு அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. இது கிடைத்தால் அவன் தப்பித்தான். வார்டனுக்கோ அது அதைவிடப் பெரிய விஷயம். தன் ஹாஸ்டலிலிருந்து ஒரு புரொஃபஷனல். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிடும், சன்னிதியில் பேசுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச். தேர்வாளர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். இசக்கிராஜா முதல் ஓட்டத்திலேயே நாலு பேரைக் கழற்றிவிட்டுப் போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது தடவை ஓடும்போது எதிராளியின் முழங்கால் அவன் தலையில் பட்டது. விழுந்தவன் உடனே எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

வார்டன் விசில் ஊதிக்கொண்டே உள்ளே போனார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"ராஜா, நேத்து நைட்டு இன்னா கொயம்பு?"

"சாம்பார், அண்ணாச்சி."

முந்தின ராத்திரி மீன் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன். யாரும் சொல்லிவைக்காமலே, மொத்த ஹாஸ்டலும் ஒரே குரலில் "ஆமா வார்டன், சாம்பார்தான்" என்றது. நானும் சொன்னேன். தன் சமையலை உயிரே போனாலும் விட்டுக்கொடுக்காத மாஸ்டர் முன்னால் வந்து, "நான்தானே வெச்சேன், சாம்பார்தான்" என்றார். அப்படியொரு தியாகத்தை அந்த மனிதரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

வார்டன் தன் வலது கையை மாஸ்டர் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருய்யா. மீனு. இன்னும் நாறினு கீது."

தேர்வாளர் பக்கத்தில் வந்து, பையன் நன்றாகத்தான் இருக்கிறான், இன்னும் பத்து நிமிடம் ஆடட்டும், எடுத்துக்கொள்கிறேன் என்றார். வார்டன் அவரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. இசக்கிராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்ல. இத விட்டா எனக்கு வேற வழி கெடையாது."

"தெர்யும்டா" என்றார் வார்டன். "டிவில பாத்து பாத்து அவனுங்கள திட்னேன். சொவுரு இர்ந்தாதான் சித்திரம். வா, போலாம்."

ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஒரு மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். தேர்வாளர் வேறு யாரையோ எடுத்துக்கொண்டு போனார். இசக்கிராஜா இன்னொரு ஃபேக்டரியில் மறுபடி காண்ட்ராக்டில் சேர்ந்தான். அதே ஹாஸ்டல், அதே மெஸ், ஆனால் வார்டனோடு பேச்சு இல்லை. அவர் எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான். பந்து அவர் கட்டிலுக்கு அடியில் போனது.

சில மாதம் கழித்துத் தகவல் தெரிந்தது. முதல் சம்பளம் போடுவதற்குள்ளேயே அந்த அணியை மூடிவிட்டார்கள். எங்களுக்குப் பரம சந்தோஷம். இசக்கிராஜாவையும் இழுத்துக்கொண்டு போய், போயிருந்தாலும் ஏமாந்துதான் இருப்பான், உங்கள் மேல் தப்பே இல்லை என்று வார்டனிடம் சொன்னோம். அவர் நிம்மதியாகச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த டீமு ஓடியிர்க்கணும்பா" என்றார். "நம்ம புள்ள இல்லாங்காட்டியும் ஓடியிர்க்கணும்."

ஜெயித்தது தன் கட்சி என்று தெரிந்தும் இடிந்து உட்காருகிற மனிதரை என்ன சொல்வது? இசக்கிராஜா அவரைத் தாண்டி மேலே போய்விட்டான்.

மறுநாள் காலை மெஸ் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார் வார்டன். இசக்கிராஜா தட்டோடு அவர் முன்னால் போய் நின்றான். மாதக்கணக்கில் பேசாதவன் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, நேத்து வத்தக்கொழம்பு. முந்தாநேத்து மொச்சக்கொட்ட. அதுக்கு முந்தின நா கருவாடு."

வார்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸு" என்றார். "பந்து கட்லுக்கு அடில கீது. எட்துக்கோ."

நான் ஒரகடத்தை விட்டு வந்து வெகுகாலமாகிறது. இப்போதும் பஸ் கம்பியிலோ பீரோ கதவிலோ தலையை இடித்துக்கொண்டால், முந்தின நாள் குழம்பைத்தான் முதலில் யோசிக்கிறேன். அது ஞாபகம் வந்துவிடும். அவர் ஞாபகம் அதற்கும் முன்னாலேயே வந்திருக்கும்.